பிறப்பால்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் பஜாரில் சம்பங்கியின் ஜெராக்ஸ் கடை ஆறடிக்கு எட்டடி. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சம்பங்கி. நாலில் எது அதிகம் சத்தம் போடும் என்று கேட்டால் பஜாரே சிரிக்கும். பென்ஷன், ரேஷன், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், எந்தப் படிவமானாலும் அவள்தான் நிரப்புவாள். நிரப்பும்போதே திட்டுவாள். "ஒரு தாள்ல மார்ச்சுன்றே, இன்னொரு தாள்ல ஜூலைன்றே. இன்னாய்யா, ரெண்டு தடவயா பொறந்தே?" என்பாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டே பதினெட்டு வருஷமாக ஊர் அவளிடம்தான் வந்துகொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவளின் தாளிலேயே ஒருத்தன் கை வைத்துவிட்டான்.

நகரசபைத் தேர்தல் வந்தது. கோரமண்டலில் அவள் குடியிருக்கும் லைனுக்கு, பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதற்காக அவள் எழுதிய மனுக்களின் நகல் மட்டுமே அரை அலமாரி இருக்கும். எழுதி எழுதி அலுத்துப்போய், எழுதுவதற்குப் பதில் அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பன்னிரண்டாம் வார்டுக்குச் சுயேச்சையாக மனு போட்டாள். அங்கே ஏற்கெனவே இரண்டு தடவை ஜெயித்தவன் பாபு. அவனும் அதே லைன்தான். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு மேலே படித்தவன். பார்த்தால் இன்றைக்கும் "பாபுண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். முதலில் பாபு சிரித்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் அவளுக்கே ஓட்டு என்று பேச ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மனு பரிசீலனை அன்று காலை பதினொரு மணிக்கு நகரசபை ஹாலில் முதல் வரிசையில் சம்பங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளை முன்மொழிந்த ரிச்சர்ட். ஆட்டோ ஓட்டுகிறவன், அவள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி மம்தா, கோலாரிலிருந்து வந்தவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர் என்றாலும் தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் வரும். சம்பங்கியின் பெயரைக் கூப்பிட்டதுமே பாபுவுக்குப் பக்கத்திலிருந்து அவன் கூட்டிவந்த வக்கீல் பரத் எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்கு மேடம். இந்த வேட்பாளர் இந்தியக் குடிமகளே கிடையாது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பங்கிக்கும் சிரிப்புத்தான் வந்தது. வக்கீல் அடுத்ததைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவங்க அம்மா மங்கம்மா சிலோன்ல பொறந்தவங்க. ஊரே சிலோன் மங்கம்மான்னுதான் கூப்பிடுது. அவங்களுக்கு இந்தியக் குடியுரிமை கெடச்சதுன்னு காட்ட ஒரு தாள் கிடையாது. சரி, அப்பாவாவது? மனுவுல கோவிந்தன்னு எழுதியிருக்காங்க. நான் விசாரிச்சுட்டேன். மைன்ஸ் ஆளுங்க பட்டியல்ல அந்த வீட்டு நம்பருக்கு கோவிந்தன்னு ஒருத்தர் இருந்ததே இல்ல. வீடு முனுசாமின்றவர் பேர்ல இருக்கு. அம்மா வெளிநாடு, அப்பா இல்லாத ஆளு. இவங்க எங்க பொறந்தாங்க, யாருக்குப் பொறந்தாங்கன்னே தெரியல. ஓட்டே இருக்கக்கூடாது மேடம், சீட்டு எங்கேருந்து?"

யாருக்குப் பிறந்தாள் என்று கேட்டானே, அந்த இடத்தில் சம்பங்கிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தால் என்னென்ன வரும் என்று அவளுக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இதே டைமுக்கு பதில் கொண்டுவாங்க. அப்புறம் முடிவு சொல்றேன்," என்று மனுவைத் தனியே எடுத்துவைத்தார். பாபு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கோவிந்தன் இல்லாத ஆளா? சம்பங்கியின் நைனா அவர். முப்பது வருஷம் பூமிக்கு அடியில் நாலாயிரம் அடியில் பாறையைத் துளைத்த மனிதர். ஆனால் துளைத்ததெல்லாம் அண்ணன் பேரில். குடியாத்தம் பக்கத்திலிருந்து முதலில் வேலைக்கு வந்தவர் பெரியப்பா முனுசாமி. ஒருநாள் அவர் நின்ற லெவலில் பாறை வெடித்தது. கூட நின்ற இரண்டு பேர் அங்கேயே போனார்கள். மேலே வந்த முனுசாமி, இனிமேல் செத்தாலும் சுரங்கத்துக்குள் இறக்கும் அந்தக் கேஜில் கால் வைக்கமாட்டேன் என்று ஊருக்கே திரும்பிவிட்டார். வேலை போனால் வீடும் போகும். அண்ணனின் பேட்ஜை எடுத்துக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய் நின்றவர் தம்பி கோவிந்தன். பேட்ஜ் நம்பர் சரியாக இருந்தால் போதும், முகத்தை யார் பார்த்தார்கள்? அந்த லைனில் இப்படி இன்னொருத்தர் பேரில் இறங்கிய ஆண்கள் நிறைய. வீட்டில் ஒரு பேர், மைன்ஸில் ஒரு பேர். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

மங்கம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் குடும்பத்தோடு கப்பல் ஏறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து சொந்தக்காரர்களைத் தேடி இங்கே வந்து, கோவிந்தனைக் கட்டிக்கொண்டாள். முகாமில் கொடுத்த தாளை எல்லாம் கரையான் தின்றுவிட்டது. எண்பத்து நாலில் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனபோது பேட்ஜைப் பார்த்து எழுதினார்கள்: தாய் மங்கம்மா, தகப்பன் முனுசாமி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கோவிந்தன் பிடிவாதமாக நின்றுவிட்டார். "கம்பெனிக்குத்தான் நான் முனுசாமி, எம் பொண்ணுக்கு இல்ல," என்று தன் சொந்தப் பேரையே கொடுத்தார். பாசத்தில் செய்த காரியம்தான். அன்றிலிருந்து சம்பங்கியின் எல்லாத் தாளிலும் கோவிந்தன். பிறப்புச் சான்றிதழில் மட்டும் முனுசாமி. அது டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆபீசிலும் அதை நீட்டியதில்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சம்பங்கி நேரே அந்தப் பெட்டியின் பக்கம் போனாள். மங்கம்மா முந்திக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரிச்சர்ட் எல்லாம் சொன்னான்," என்றாள். "தேத்தண்ணி கீது, குடி. குடிச்சிட்டு, நாளைக்குப் போயி மனுவ வாபஸ் வாங்கிடு."

"வாங்குனா அவன் சொன்னது நெசம்னு ஆயிடும்மா. அத்தோட வுடுவானா? ஓட்டர் லிஸ்ட்ல பேர எடுப்பான். அப்பறம் ரேஷன் கார்டு, அப்பறம் ஆதாருன்னு நோண்டிகினே வருவான். இந்து இன்னா ஆவா? அவ ரெண்டாயிரத்து ஏழுல பொறந்தவ, அவ வயசுப் புள்ளைங்களுக்கு அப்பா அம்மா தாளையும் கேக்கறாங்க. நான் இந்த நாட்டுக்காரி இல்லன்னா அவளும் நடுத்தெருவுல நிப்பா." இந்து அவள் மகள். பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்காக அந்தத் தாள எடுத்து சபையில வெப்பியா?" என்றாள் மங்கம்மா. "அதுல இன்னாடி எழுதிக்கீது? மூத்தாருக்குப் புள்ள பெத்தவன்னு எழுதிக்கீது. ஊர்ல அவரு பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தாரு. நான் இங்க ஒங்க நைனாவோட இருந்தேன். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன் அத்தப் படிச்சிட்டு, நீ யாரு பொண்டாட்டின்னு எல்லார் எதுருலயும் கேப்பான். ஒங்க நைனா போயி பதினோரு வருஷம் ஆச்சி. இந்த வயசுல எனக்கு இது வோணுமா? நாண்டுகினு சாவலாம்."

சம்பங்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே வடிந்துபோனது. பாவம், இந்த மனுஷி என்ன தப்புச் செய்தாள்? கட்டியவன் வேலைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதானே.

"தாள் ஒன்னுது. நீ குடுத்தாத்தான் எடுப்பேன். பெட்டியத் தொடமாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமலே கடைக்குக் கிளம்பினாள்.

வெளியே, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ரிச்சர்டின் ஆட்டோவில் ஏறினாள். அவன் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான்.

"அக்கா, நீ ஏன் கவலப்படற? ஊர்ல எல்லார் ஜாதகமும் ஒன் கடைலதான கீது. பாபு அம்மா வெங்கடம்மாவுக்கு பென்ஷன் பாரம் நீதான ரொப்புன? அவங்கப்பா யார் பேர்ல ஷிப்ட் போனாரு, அத்த எடுத்து வுடு நாளைக்கு. மவனே, ஓடிடுவான்."

அவன் சொன்னது உண்மை. பாபுவின் அப்பா ஏழுமலை மைன்ஸில் அந்தோணி. நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு, அந்தோணி என்று கூப்பிட்டால் "வந்தேங்க" என்று போய் நின்ற மனிதர். வெங்கடம்மா போன வருஷம் அந்தத் தாள்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "யாருக்கும் சொல்லாத கண்ணு," என்று சம்பங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"வாய மூடிகினு ஓட்டுடா," என்றாள் சம்பங்கி. "என் மேஜைல வெக்கிற தாளு என் மேஜையோட சரி. அத்த வெளிய வுட்டுத்தான் ஜெயிக்கணும்னா அந்த சீட்டே எனக்கு வோணாம்."

சொல்லிவிட்டாளே தவிர உள்ளுக்குள் ஆசை அரித்தது. ஒரே ஒரு வார்த்தைதான். சொன்னால் நாளைக்குப் பாபு எழுந்து நிற்கமாட்டான். கடையைத் திறந்து விளக்கைப் போடும்வரை அந்த ஆசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் மத்தியானம் பாதியில் விட்ட பாஸ்போர்ட் படிவம் ஒன்று திறந்தபடியே இருந்தது. அதில் ஒரு கேள்வி, இந்தியக் குடியுரிமை எவ்வகையில் என்று. பிறப்பால், வம்சாவளியால், பதிவால் என்று வரிசையாகக் கட்டங்கள். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் எத்தனை பேருக்கு "பிறப்பால்" கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாள்! கணக்கே இல்லை. ஒருநாளும் ஒரு நிமிஷம் நிறுத்தி, பிறப்பால் என்றால் என்ன என்று யோசித்ததில்லை. நாயனமா வாசித்தாய் இத்தனை நாளும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, குடியுரிமைச் சட்டத்தைத் தேடி எடுத்தாள்.

இங்கிலீஷ் வாக்கியம் நீளமாக, கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு போனது. மூன்றாவது பிரிவை ஒருமுறை படித்தாள். நம்பாமல் இன்னொருமுறை படித்தாள். மூன்றாவது முறை விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகச் சத்தம் போட்டுப் படித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ஜனவரி இருபத்தாறுக்கும் எண்பத்தேழு ஜூலை ஒன்றுக்கும் நடுவே இந்தியாவில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அவ்வளவுதான். அப்பா யார்? சட்டம் கேட்கவில்லை. அம்மா எந்த நாடு? கேட்கவில்லை. கல்யாணம் ஆனதா? கேட்கவே இல்லை. எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், இரண்டே கேள்விதான்.

சம்பங்கிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நாற்பத்தொரு வருஷம்! நைனாவின் பேரைக் காப்பாற்றுகிறேன், அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு தாளைப் பெட்டிக்குள் போட்டுப் பயந்து செத்தோமே. அந்தப் பேருக்கும் இவள் உரிமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று யாராவது சொன்னார்களா? ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பினவள், சொந்தப் பிறப்பைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறாள். அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்தாள்.

ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. அப்பா பேர் வேண்டாம் என்றாலும், இங்கே பிறந்ததற்குச் சாட்சி அந்தத் தாள்தான். அதை எடுத்தால் முனுசாமி என்ற பேரும் கூடவே வரும். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சட்டத்தை விளக்கிச் சொன்னாள். மங்கம்மா தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டாள், படுத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் மங்கம்மா குளித்து, பச்சைப் பட்டுப்புடவை கட்டி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன்," என்றாள். தாளை எடுத்தாளா இல்லையா என்று கேட்கச் சம்பங்கிக்குத் தைரியம் வரவில்லை.

ஹாலில் அன்று உட்கார இடமில்லை. விஷயம் ஊர் பூராவும் பரவி, கோரமண்டல் லைனே வந்து சுவரோரம் நின்றது. வக்கீல் பரத் முதல்நாள் சொன்னதையே இன்னும் கொஞ்சம் மசாலா தடவிச் சொன்னார். அதிகாரி, "நீங்க ஹேளிம்மா, சொல்லுங்க," என்று சம்பங்கியைப் பார்த்தார்.

சம்பங்கி எழுந்தாள். முதல் வார்த்தை வெளியே வந்ததும் கடையில் நிற்கும் சம்பங்கி ஆகிவிட்டாள்.

"மேடம், இருவது வருஷமா ஓட்டர் லிஸ்ட்ல என் பேர் கீது. அஞ்சு தடவ சட்டசபைக்கு ஓட்டுப் போட்டுக்கீறேன். நான் இந்த நாட்டுக்காரி இல்லன்னு இவரு சொல்றாரு. சொல்றவர்தான ருசுவு காட்டணும்? ஊர்ல பட்டப்பேரு வெச்சிக்கீறாங்க, அதான் இவரு காட்டுற ருசுவு. எங்க லைன்ல ஒருத்தர ஜப்பான் மாமான்னு கூப்புடறோம். அவர எந்த நாட்டுக்கு அனுப்புவீங்க?"

சுவரோரம் சிரிப்பு வெடித்தது. அந்த ஜப்பான் மாமா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அதிகாரியும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, "அது சரி. காட்ட வேண்டியது அவர்தான். ஆனா எனக்கு ஒரு டவுட்டும் இல்லாம எழுதணும். இங்க பொறந்ததுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

சம்பங்கி திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வக்கீல் பரத் ஜெயித்த முகத்தோடு பேனாவை மூடினார்.

"கீது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மங்கம்மா முன்னால் நடந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த தாளை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தாள். அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்தார். மடிப்பில் கிழிந்திருந்ததால், அதே கட்டடத்திலிருந்த பதிவேட்டு அறையிலிருந்து எண்பத்து நாலாம் வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் சம்பங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதிவேடு வந்தது. அதிகாரி பக்கத்தைத் தேடிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார். "மார்ச் பதினாலு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. பெண். மைன்ஸ் ஆஸ்பத்திரி. தாய் மங்கம்மா. தந்தை முனுசாமி."

வக்கீல் பரத் துள்ளி எழுந்தார். "பாருங்க மேடம்! மனுவுல கோவிந்தன், இங்க முனுசாமி! அப்ப யாரு இந்தக் கோவிந்தன்? இந்தம்மா யாரோட மனைவி? அதக் கேளுங்க முதல்ல!"

மங்கம்மா பயந்த கேள்வி அதேதான், எல்லார் எதிரிலும் வந்து விழுந்தது. அவள் தலை குனிந்தது. சம்பங்கியின் நாக்கு நுனிக்கு அந்தோணி என்ற பேர் வந்து நின்றது. பாபுவைப் பார்த்தாள். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே எழுந்து வக்கீலின் கையைப் பிடித்தான்.

"சார், அந்தக் கேள்வி வோணாம். வுடுங்க."

"இதான் சார் நம்ம மெயின் பாயிண்டே!"

"வுடுங்கன்றேன்ல. அவங்க எனக்கும் அம்மா மாதிரி." பாபு சம்பங்கியை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தான். தன் அம்மாவின் பென்ஷன் படிவத்தை நிரப்பிய இவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. சம்பங்கி அந்தப் பேரை அப்படியே விழுங்கிவிட்டாள். அது உள்ளே இறங்கியதும் மனசு லேசாகிவிட்டது.

ஆனால் மங்கம்மா தலையை நிமிர்த்திவிட்டாள். "இருப்பா பாபு. கேட்டுட்டாரு இல்ல, சொல்லிடறேன். எத்தினி வருஷந்தான் முழுங்கிகினே இருக்கறது?" என்றாள். அதிகாரி, "உங்க கணவர் பேர் என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கட்டியவர் பேரைச் சொல்லும் வழக்கம் மங்கம்மாவுக்குக் கிடையாது. எந்த ஆபீசில் கேட்டாலும் தாளைத்தான் நீட்டுவாள். அன்று தாளில் இருந்தது வேறு பேர். இரண்டுமுறை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"கோவிந்தன்," என்றாள். ஹால் பூராவும் கேட்டது. "எம் புருஷன் பேரு கோவிந்தன். அண்ணன் பேட்ஜ்ல வேல செஞ்சாரு. பேருதான் அவுங்க அண்ணன்து. நெஞ்சுல போன தூசி இவர்துதான். இருமி இருமி செத்ததும் இவருதான். அதுக்கு எந்த தண்டன வேணும்னாலும் குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இவள நான்தான் பெத்தேன். இந்த ஊர்ல பெத்தேன். அதுல பொய் இல்ல."

சுவரோரத்திலிருந்து ஒரு கிழவர், "எங்கப்பாவும் அப்படித்தாம்மா!" என்று கத்தினார். "எங்க வூட்லயும்!" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் யார் யார் சொன்னார்கள் என்றே தெரியவில்லை, அந்த லைனின் வாயே திறந்துகொண்டது. அதிகாரி மேஜையைத் தட்டவேண்டி வந்தது.

சம்பங்கி பையிலிருந்து பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினாள். "மூணாவது பிரிவு, மேடம். எண்பத்தேழு ஜூலைக்கு முன்னால இங்க பொறந்தவங்க எல்லாருமே பிறப்பால குடிமக்கள். அப்பா பேர இந்தச் சட்டம் கேக்கல. அம்மா ஊர கேக்கல. கேக்காத கேள்விக்குத்தான் இவரு ரெண்டு நாளா எங்கம்மாவ அழ வெச்சாரு."

வக்கீல் விடவில்லை. "அதுல விலக்கு இருக்கு மேடம். வெளிநாட்டுத் தூதர் பிள்ளைங்களுக்கு இது பொருந்தாது."

"எங்க நைனாவா தூதரு?" என்றாள் சம்பங்கி. "ஆமா சார், நாலாயிரம் அடி கீழ தூதரா இருந்தாரு. எந்த நாட்டுக்குன்னுதான் தெரியல."

இந்தத் தடவை அதிகாரியால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். பதிவேட்டிலிருந்த தேதியையும் மனுவிலிருந்த பிறந்த தேதியையும் ஒத்துப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துத் தலையை உயர்த்தி, "ஆட்சேபணை தள்ளுபடி. வேட்பாளர் பிறப்பால் இந்தியக் குடிமகள். மனு ஏற்கப்பட்டது. பேட்ஜ் விஷயம் என் மேஜைக்கு வந்த கேள்வி இல்ல, அத நான் எழுதல," என்றார்.

ரிச்சர்ட் அடித்த விசில் கூரையில் போய் மோதியது. சம்பங்கிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மங்கம்மா மட்டும் நகராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, இவளுக்கு உரிமைய எழுதிக் குடுத்துட்டீங்களாம்மா?"

அதிகாரி அந்தப் பதிவேட்டை மூடாமல் அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "நான் குடுக்கல அம்மா. யாரும் குடுக்கல. அது இவங்க பொறந்த அன்னிக்கே வந்தாச்சு. நான் படிச்சுச் சொன்னேன், அஷ்டே, அவ்வளவுதான்."

மங்கம்மா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. மார்ச் பதினாலாம் தேதி விடிகாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல்லைக் கடித்துக் கிடந்தது அவள்தான், அது நன்றாக நினைவிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளில் கை போட்டு வெளியே வந்தாள்.

வாசலில் யாரோ தப்பட்டை கொண்டுவந்திருந்தார்கள். பாபு தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "எலக்ஷன்ல பாத்துக்கலாம் சம்பங்கி," என்றான். அவள், "பாத்துக்கலாம் பாபுண்ணா, பயமா?" என்றாள். இரண்டு பேருமே சிரித்தார்கள். ரிச்சர்ட் ஆட்டோவின் மேல் ஏறி நின்றுகொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான்.

"பன்னெண்டாம் வார்டு வேட்பாளர், கோவிந்தன் மகள் சம்பங்கி!"

"டேய் ரிச்சர்ட்டு!" என்று அதைவிடப் பெரிய குரலில் அதட்டினாள் மங்கம்மா. தப்பட்டையே ஒரு நொடி நின்றுவிட்டது. "அவரு பேரத்தான் உள்ள நானே சொல்லிட்டேனே. வெளிய எம் பேரச் சொல்லுடா. மங்கம்மா மக சம்பங்கின்னு சொல்லு!"